மகாநதியின் அந்தக் காட்சி ஏன் இன்னும் போகவில்லை?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 1994 பொங்கலுக்கு வந்த மகாநதியை 10 வயதில் வீட்டாரோடு தியேட்டரில் பார்த்திருக்கிறீர்கள். கல்கத்தாவிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்ட மகள் தூக்கத்தில் உளறுகிற காட்சி மனதில் தங்கிவிட்டது. நடுவில் பல வருடம் அது தலைகாட்டவில்லை. இப்போது உங்கள் மகளுக்கு 9 வயது. பள்ளி வேன் கொஞ்சம் தாமதமானால் போதும், அந்தக் குரல் காதில் கேட்கிறது. "வெறும் சினிமாதானே, இதுக்குப் போயா?" என்கிறார் உங்கள் மனைவி. இது மன பலவீனமா, வியாதியா, எப்படிப் போக்குவது என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தப் பயத்தை மகளுக்கும் கொடுத்துவிடுவேனோ என்பது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவ உளவியலாளன். மருந்து எழுதுபவன் அல்ல. பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவன். பயம், பதற்றம், கெட்ட நினைவுகள் என்று வருபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதிய சில வரிகளை மட்டும் வைத்து உங்களுக்கு இது இருக்கிறது, இது இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்துக்கொள்வோம். "காதில் கேட்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நினைவில் ஓடுவதைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வெளியிலிருந்து யாரோ பேசுவதுபோல் நிஜமாகவே கேட்டால் அது வேறு விஷயம். அதற்கு நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கலாம். நீங்கள் விதிவிலக்கு இல்லை. ஜோன் கேண்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரே கேள்விக்குச் செலவிட்டவர். அவரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 150 கல்லூரி மாணவர்களிடம், சின்ன வயதில் படமோ டிவியோ பார்த்துப் பயந்து, பார்த்து முடித்த பிறகும் அந்தப் பயம் தொடர்ந்ததுண்டா என்று கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்றார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அந்தப் பதற்றத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. சுறா படமான ஜாஸைப் பார்த்துவிட்டு ஏரியிலும் நீச்சல் குளத்திலும் இறங்கத் தயங்கியவர்களைப் பற்றியும் கேண்டர் எழுதியிருக்கிறார். ஏரியில் சுறா வராது என்று தெரிந்தவர்கள்தான் எல்லோரும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த மாணவர்கள் பழைய ஞாபகத்திலிருந்து சொன்னவர்கள், அதுவும் அமெரிக்கர்கள். அந்தச் சதவீதத்தை அப்படியே நம்மூருக்குத் தூக்கிவர முடியாது. நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். என் அறையில் உட்கார்ந்து கேட்டவரையில் அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை.

மூளையில் நடப்பதில் ஒரு பகுதி நன்றாகத் தெரியும். பயமோ அதிர்ச்சியோ வரும்போது சுரக்கிற அட்ரினலின் வகை ரசாயனங்கள், அந்த நேரத்தில் பதிகிற நினைவை அழுத்திப் பதியவைக்கின்றன. அமிக்டலா என்ற சிறு பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 1994-இல் லாரி கேஹில் குழுவினர் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி. ஒரு சிறுவன் அம்மாவோடு போகும்போது விபத்தில் அடிபடுவதைப் படங்களோடு கதையாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்துப் பகுதிதான் கேட்டவர்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்தது. கதைக்கு முன்பே ப்ரோப்ரனலால் என்ற மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை. விபத்தும் மற்றவையும் ஒரே அளவில்தான் நினைவிருந்தன. அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மாத்திரை அது. (இதைப் படித்துவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து, தவிர 30 வருடம் பழைய நினைவை அது கழுவிவிடவும் செய்யாது.) ஆக, அன்று தியேட்டரில் உங்கள் மூளை தன் வேலையைச் சரியாகவே செய்தது. "இது முக்கியம், மறந்துவிடாதே" என்று குறித்துக்கொண்டது. இதில் பலவீனம் எங்கே வந்தது?

ஆனால் அந்தப் படத்தில் அடிதடி, சிறைக் கொடுமை எல்லாம் இருக்கும்போது ஏன் குறிப்பாக அந்தக் காட்சி? என் பார்வையில் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். யாரும் யாரையும் அடிப்பதில்லை. ரத்தம் இல்லை. இரவு, எல்லோரும் படுத்திருக்கிறார்கள். வீடு திரும்பிய பெண் தூக்கத்தில், தன்னிடம் வந்த ஆண்களிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். அப்பா அதைக் கேட்கிறார். அவ்வளவுதான். அவளுக்கு என்ன நடந்தது என்று படம் காட்டவே இல்லை. அவள் பேச்சிலிருந்து அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 10 வயதில் உங்களுக்கு அதில் பாதி புரிந்திருக்காது. என்னவோ பயங்கரமானது என்று மட்டும், அப்பா முகத்தைப் பார்த்துத் தெரிந்திருக்கும். திரையிலிருந்த அப்பாவின் முகம் மட்டுமல்ல, பக்கத்து சீட்டில் இருந்த உங்கள் அப்பாவின் முகமும்தான். பாதி புரிந்த விஷயத்தை மனம் மூடி வைப்பதில்லை. வயது ஏற ஏற மீதியை நிரப்பிக்கொண்டே போகும். அந்தப் படத்துக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருதும் கிடைத்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். குழந்தைகளிடம் "கண்ணை மூடிக்கோ" என்கிறோம். காதை மூடச் சொல்வதில்லை. என்னிடம் வருபவர்களில் படக்காட்சி பற்றிச் சொல்பவர்கள், பிம்பத்துக்கு முன்னால் சத்தத்தைத்தான் சொல்கிறார்கள்.

காட்டாமல் விடுவதன் பலம் சினிமாக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். 1960-இல் வந்த ஹிட்ச்காக்கின் சைக்கோவில் குளியலறைக் கொலை இன்றும் பேசப்படுகிறது. கறுப்பு வெள்ளைப் படம். ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கத்தி இறங்கும் சத்தம் முலாம்பழ வகை ஒன்றைக் குத்தி எடுத்தது. கத்தி உடலைத் தொடுவதே கண் இமைக்கும் நேரம்தான் தெரியும். மற்றதெல்லாம் வெட்டி வெட்டி ஒட்டிய துண்டுகளும் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின் கிறீச்சலும். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார், ஹெர்மன் போட்டுக் காட்டிய பிறகு மனம் மாறினார். ஆனாலும் கத்தி குத்தி இறங்குவதைக் கண்ணால் பார்த்ததாகவே பலரும் நம்புகிறார்கள். நடித்த ஜேனட் லீயே படத்தைத் திரையில் பார்த்த பிறகு ஷவரில் குளிப்பதைத் தவிர்த்ததாகச் சொல்லியிருக்கிறார். எப்படி எடுத்தார்கள் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? "சினிமாதானே" என்று சொல்லும் உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வயதும் ஒரு காரணம். கேண்டரின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஒரு டிவி தொடரில் நல்லவனான நாயகன் ஹல்க் என்ற பச்சை நிற ராட்சத உருவமாக மாறும் இடத்தில்தான் சின்னக் குழந்தைகள் மிரண்டார்கள். அவன் உதவி செய்ய வருகிறான் என்பது அவர்களுக்கு ஆறுதலாகவே இல்லை. வளர வளர இது தலைகீழாகிறது. உருவம் பயமுறுத்தாது, நடக்கக்கூடியது பயமுறுத்தும். 1983-இல் அமெரிக்காவில் அணுகுண்டுப் போர் பற்றிய ஒரு தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பானபோது, மிகச் சின்னக் குழந்தைகள்தான் மிகக் குறைவாகக் கலங்கினார்கள், பதின்வயதினர் அதிகம் கலங்கினார்கள். 10 வயதில் நீங்கள் இருந்தது அந்தத் திருப்பத்தில். பேய் இல்லை என்று தெரிந்துவிட்ட வயது. குழந்தைகளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் தெரிந்துவிட்ட வயது.

அப்புறம், நிஜம் என்ற கனம். படத்தில் அப்பாவாக நடித்து, கதையும் எழுதிய கமல் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: தன் வீட்டு வேலைக்காரர்களே தன் மகளைக் கடத்தத் திட்டமிட்டதை அறிந்தபோது வந்த பயத்திலிருந்துதான் அந்தக் கதை பிறந்தது என்று. ஒரு தகப்பனின் பயத்திலிருந்து எழுதப்பட்ட காட்சி, இன்னொரு தகப்பனிடம் வந்து உட்கார்ந்திருக்கிறது. விசாரணை படத்துக்கும் இதே கனம் உண்டு. ஆட்டோ ஓட்டுநராக இருந்த மு. சந்திரகுமார், குண்டூரில் காவலர்களிடம் தான் பட்டதை எழுதிய 'லாக்கப்' நாவல்தான் அதற்கு மூலம் என்று தெரிந்தவர்களால் அதைச் சினிமாதானே என்று தள்ளிவிட முடிவதில்லை. என்னிடம் வந்த ஒருவர், பஸ் நடத்துநர், அந்தப் படத்துக்குப் பிறகு காவல் நிலையம் இருக்கும் தெருவில் நடந்தாலே மூச்சு முட்டுகிறது என்றார். படத்தைப் பற்றியே நாலைந்து தடவை பேசினோம். அதற்குப் பிறகுதான், அண்ணனைச் சந்தேகத்தில் பிடித்துப்போய் ஓர் இரவு வைத்திருந்துவிட்டு விட்டார்கள் என்பதைச் சொன்னார். அதுவும் "அதெல்லாம் பழைய கதை சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்று சேர்த்துத்தான் சொன்னார். அண்ணன் மறுநாள் காலை வந்து, யாரிடமும் பேசாமல், சட்டையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டாராம். அண்ணன் முதுகை அவர் பார்க்கவே இல்லை. படம் அதைக் காட்டிவிட்டது.

இதிலிருந்துதான் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது. மனதில் தங்கும் காட்சி அதன் சொந்த பலத்தில் மட்டும் தங்குவதில்லை. மாட்டிக்கொள்ள நம் பக்கம் ஒரு கொக்கி இருக்க வேண்டும். 10 வயதில் உங்களுக்கு இருந்தது ஒரு கொக்கி: பெற்றோரைப் பிரிந்துவிடுவோமோ என்பது. வளர்ந்ததும் அது தளர்ந்தது, காட்சியும் அடங்கியது. இப்போது நீங்கள் அப்பா. அதே காட்சி இன்னொரு கொக்கியில் மாட்டியிருக்கிறது. அன்று அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பார்த்தீர்கள், இன்று கமலின் இடத்திலிருந்து பார்க்கிறீர்கள். வேன் தாமதமாகும்போது உங்களுக்கு வருவது மகாநதி பற்றிய பயம் இல்லை, உங்கள் மகளைப் பற்றிய பயம். அதற்குத் தன் படம் என்று ஒன்று இல்லாததால் பழைய படத்தைப் போட்டுக் காட்டுகிறது. இதைச் சோதனைக்கூடத்தில் நிரூபித்த முடிவாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் கேட்டதிலிருந்து என் முடிவு.

வியாதியா என்ற கேள்விக்கு வருவோம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பு, டிவியிலோ சினிமாவிலோ பார்த்ததை மட்டும் காரணமாக வைத்து பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய்) என்று சொல்லக் கூடாது என்கிறது. வேலை நிமித்தமாகப் பார்க்க வேண்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. இதில் சண்டையும் உண்டு. 1992 ஹாலோவீன் இரவில் பிபிசி ஒரு பேய் வீட்டு நிகழ்ச்சியை நேரலைபோலவே ஒளிபரப்பியது. நம்பகமான, பழகிய முகங்களையே தொகுப்பாளர்களாகப் போட்டிருந்தார்கள். 1994-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு மருத்துவர்கள், அதைப் பார்த்த இரண்டு 10 வயதுச் சிறுவர்களுக்கு பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் வந்ததாக எழுதினார்கள். உடனே வேறு மருத்துவர்களும் தங்களிடம் வந்த குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள்; அதில் சிலர், இவை சீக்கிரம் சரியாகிவிட்டன, கடுமையான பதற்றம் என்று சொல்லலாமே தவிர அந்தப் பெரிய பெயர் பொருந்தாது என்றார்கள். எனக்கு இரண்டாவது தரப்பே சரியாகப் படுகிறது. பெயரைவிட, வாழ்க்கை எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன். நீங்கள் எழுதியதில் தூக்கம் கெட்டதாக இல்லை, மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தியதாக இல்லை. வேலையை விட்டுவிட்டுத் தினமும் வேன் பின்னாலேயே போகிறீர்கள், இரவில் எழுந்து எழுந்து மகள் அறையைப் பார்க்கிறீர்கள் என்றால் என் பதில் மாறும். இன்னொன்றையும் மென்மையாகக் கேட்டு வைக்கிறேன், இங்கே பதில் எழுத வேண்டியதில்லை. சின்ன வயதில் உங்களுக்கோ, உங்களுக்கு நெருக்கமானவருக்கோ இதுபோல ஏதாவது நடந்ததுண்டா? இருந்தால் படத்தை விட்டுவிட்டு அதை ஒருவரிடம் நேரில் பேசுங்கள்.

இனி, யூடியூபில் அடித்துச் சொல்லப்படுகிற சில விஷயங்களை நம்ப வேண்டாம். மூளைக்கு நிஜத்துக்கும் சினிமாவுக்கும் வித்தியாசமே தெரியாது என்பது மிகை. தெரியாவிட்டால் வில்லனைப் பார்த்து நாம் தியேட்டரை விட்டு ஓடியிருப்போம். பிறர் செய்வதைப் பார்க்கும்போதே நாமே செய்வதுபோல் இயங்கும் 'கண்ணாடி நரம்பணுக்கள்'தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் இன்னும் தீராத விவாதம். இப்படிப் பாதிக்கப்படுகிறவர்கள்தான் மென்மையான மனசுக்காரர்கள் என்பதைக் கேட்க நன்றாக இருக்கிறது. படம் முடிந்ததும் பிரியாணி சாப்பிடப் போகிற மென்மையான மனசுக்காரர்களையும் எனக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்? முதலில், நினைக்கக் கூடாது என்று முயல்வதை நிறுத்துங்கள். 1987-இல் டேனியல் வெக்னர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கியவர்கள் மற்றவர்களைவிட அதிகம் நினைத்தார்கள். குரல் வந்தால் "வந்துவிட்டதா, சரி" என்று விட்டுவிட்டு, கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். விரட்டவும் வேண்டாம், உட்காரவைத்து உபசரிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். சின்ன வயதில் ஏதாவது நடந்ததுண்டா என்று நான் முன்பு கேட்டதற்கு "ஆமாம்" என்பது பதிலானால் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். இல்லையென்றால் பகலில், மகள் வீட்டில் இல்லாதபோது, மனைவியோடு உட்கார்ந்து, சிறிய திரையில், சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதியில் நிறுத்தினாலும் பரவாயில்லை, ஆனால் இன்னொரு நாள் முழுதாகப் பார்த்துவிடுங்கள்; பாதியில் ஓடிவந்ததோடு விட்டால் பயம் கூடவும் வாய்ப்புண்டு. அடுத்த தடவை சத்தத்தைச் சாதாரண அளவில் வையுங்கள். பலருக்கும் முதல் வார்த்தை "இவ்வளவுதானா?" என்றுதான் வருகிறது, மனதில் இருந்த காட்சி படத்தில் இருப்பதைவிட நீளமாகவும் கொடூரமாகவும் இருந்திருக்கும். உங்களுக்கு அப்படி ஆகும் என்று உறுதி தர முடியாது. அந்தக் காட்சி பெரியவர்களையும் உலுக்கக்கூடியதுதான். அழுகை வந்தால் வரட்டும்.

மூன்றாவது, டெட்ரிஸ்: மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பி அடுக்கும் வீடியோ விளையாட்டு. சிரிக்காதீர்கள். எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009-இல் ஆக்ஸ்ஃபோர்டில், விபத்தும் மரணமுமாக 12 நிமிடப் படம் ஒன்றைக் காட்டி, அரை மணி நேரம் கழித்துச் சிலரை 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அவர்களுக்குத்தான் காட்சிகள் திடீரென்று கண்முன் வந்துநிற்பது குறைவாக இருந்தது. படத்தைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு மற்றவர்கள் அளவுக்கே பதிலும் சொன்னார்கள். நினைவு அழியவில்லை; அழைக்காமல் வருவதுதான் குறைந்தது. மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்ததால் பிம்பம் வலுவாகப் பதியவில்லை என்பது அவர்கள் விளக்கம். பின்னால் செய்த சோதனையில், அதற்குப் பதிலாக வினாடி வினா ஆடியவர்களுக்குக் காட்சிகள் அதிகமாகவே வந்தன. ஆகவே மோசமான ஒன்றைப் பார்த்த அன்று இரவு, கண்ணுக்கும் கைக்கும் வேலை தருகிற விளையாட்டு நல்ல யோசனை. ஆனால் வருடக்கணக்கான பழைய நினைவுகளில் இது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்குச் சிறிய ஆய்வுகள்தான் இருக்கின்றன. நம்பிக்கை தருகின்றன, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் நான் இதை முதலில் வைக்க மாட்டேன்.

அதைவிட, வேன் பிரச்சினையைத் தனியாகப் பிடியுங்கள். டிரைவர் நம்பர், உடன்வரும் ஆயா நம்பர், தாமதமானால் யார் யாரைக் கூப்பிடுவது என்பது எழுதி வைத்திருக்கட்டும். இருபது நிமிடம் வரை காத்திருப்பது, அதற்கு மேல் ஒரு போன் என்று ஒரு கணக்கு வையுங்கள். முதல் நிமிடத்திலேயே அழைப்பது பதற்றத்துக்குத் தீனி போடும்.

மகள் விஷயம். 2024 விதிகளின்படி இப்போது தணிக்கைச் சான்றிதழில் யு/ஏ 7, 13, 16 என்று வயதுப் பிரிவு வந்துவிட்டது. அதைப் பாருங்கள், ஆனால் அதையே நம்பி உட்காராதீர்கள். செய்திச் சேனலுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. மறுபடி மறுபடி ஓட்டப்படும் செய்திக் காட்சிகள் சினிமாவுக்குக் குறைந்தவை அல்ல. 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு நடந்த ஆய்வில், தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது பற்றிய செய்திகளைப் பார்த்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தைச் சொன்னார்கள். குழந்தை எதையாவது பார்த்துப் பயந்து வந்தால், ஏழு வயதுக்குக் கீழே என்றால் பேச்சைவிட அணைப்பும், பக்கத்தில் படுத்துக்கொள்வதும்தான் உதவும். 9 வயது மகளுக்கு விளக்கம் வேண்டும். "அதெல்லாம் நடக்காது" என்று பொய் சொல்ல வேண்டாம், அந்த வயதில் கண்டுபிடித்துவிடுவாள். அரிதாக நடக்கிறது, நடக்காமல் இருக்க நாம் இன்னின்ன செய்கிறோம், யாராவது கூப்பிட்டால் நீ இப்படிச் செய் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் சாதாரணமாக இருக்க வேண்டும், அதனால்தான் உங்கள் பங்கை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

ஒரு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். குறையவில்லை, அல்லது தூக்கத்தில் கைவைக்க ஆரம்பித்துவிட்டது என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். பக்கத்து அரசு மருத்துவமனையில் யாரைப் பார்ப்பது என்றும் கேட்கலாம். பேசும்போது மகாநதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், மகளின் வேனிலிருந்து ஆரம்பியுங்கள்.